திரும்பிப் பார்த்தவன்

1

சைக்கிள் பந்தயம் முடிந்த அன்று விடுதி அறையில் இருந்தவர்கள்: நான், என் மகன், என் தம்பி மகன், அணியின் மெக்கானிக். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை நம்பாதீர்கள்.

இந்தக் கதை என் தம்பி போட்ட போனில் பிறந்தது. "அண்ணா, என் பையன் காசு வாங்கிட்டுப் பந்தயத்தை வித்துட்டான்னு பேசறாங்க. டீம்லேர்ந்து தூக்கிடுவாங்க போல. நீங்க எழுதினா நம்புவாங்க." எங்கள் குடும்பத்தில் விற்கிறவர்கள் கிடையாது. எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மழையில் நனைந்த சாலையில் இரண்டு சைக்கிள்கள்...' (அடித்துவிட்டேன். மழை அனுதாபம் தேடுகிறது.)

இரண்டாவது: ஒருநாள் பந்தயத்துக்கு நாளை கிடையாது. கடைசி ஏற்றத்தில் தம்பி மகனும் எதிரணிக்காரன் ஒருவனும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னே போனார்கள். எதிரணிக்காரன் காற்றை முகத்தில் வாங்கி மிதித்தான். இவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கால் வலுவை மிச்சம் பிடித்தான். ஒருமுறைகூட முன்னால் போய்க் காற்றை வாங்கி இழுக்கவில்லை. கடைசி வளைவில் திரும்பிப் பார்த்தான். அந்த நொடியில் மற்றவன் பாய்ந்துவிட்டான். இவன் இரண்டாவது.

கோட்டைத் தாண்டியபோது இவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.*

* தம்பி மகனும் சொந்தப் பிள்ளை என்பதால்தான் சந்தேகித்தேன். பிறத்தியான் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

3

"எதுக்குடா திரும்பிப் பார்த்தே?"

"அண்ணா வர்றாரான்னு பார்த்தேன், பெரியப்பா."

அண்ணா என்றால் என் மகன். அணியின் தலைவன், பின்னால் துரத்திய கூட்டத்தில் இருந்தவன். தலைவன் வந்து சேர்வதாக இருந்தால் முன்னால் இருப்பவன் உழைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். அது அவர்கள் தொழில் ஒழுக்கம்.

"வர்றான்னு யார் சொன்னா?"

"காதுல மாட்டிக்கிற டீம் ரேடியோல அண்ணாவேதான். 'கால் நல்லா இருக்கு, நீ இழுக்காதே, வந்துட்டேன்'னார்."

பின்னால் வந்த அணி வண்டியில் இருந்தவர் மெக்கானிக். அவரைப் பார்த்தேன்.

"நான் செயினைத்தான் சார் பார்ப்பேன். காலைப் பார்க்கறது என் வேலை இல்லை" என்றார். இப்படிப் பேசுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது.

என் மகன் ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருந்தான். [இந்த வாக்கியத்தை ஒவ்வொரு வரைவிலும் நீக்கியிருக்கிறேன். என் பேனாவையே இப்போது சந்தேகிக்கிறேன்.]

"நீ அப்போ எங்கே இருந்தே?"

"கூட்டம் என்னை விட்டுட்டுப் போயிடுச்சுப்பா. தனியாத்தான் வந்துட்டிருந்தேன்."

"அப்புறம் எதுக்கு வர்றேன்னு சொன்னே?"

"கால் போச்சுன்னு தலைவன் எப்படிப்பா சொல்லுவான்? எப்படியும் வந்துடலாம்னுதான்..."

தம்பி மகன் சிரித்தான். "நல்லவேளை அண்ணா, நான் இன்னும் உங்களுக்காக அங்கேயே நின்னுட்டிருக்கல."

யாரும் கூடச் சிரிக்கவில்லை.

4

முடிவு அ: தம்பி மகன் முதலில் பாய்ந்து ஜெயிக்கிறான். (பொய்.)

முடிவு ஆ, என் மகன் கேட்டது: "ரேடியோ ரிப்பேர்னு எழுதிடுங்கப்பா. ரெண்டு பேருக்கும் அசிங்கம் இல்லை." தம்பி மகனும் தலையாட்டினான். இரண்டு பிள்ளைகளின் மானமும் தப்பும். எழுதியும் பார்த்தேன், படிக்கவும் நன்றாகத்தான்...

வேறு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதில் என் பெயரைப் போடாதீர்கள்.

ஒரு திருத்தம் மட்டும் என்னுடையது. அன்று ரேடியோ பழுதாகியிருந்தது என்று ஒரு பேச்சு இப்போது உலவுகிறது. ரேடியோ நன்றாக வேலை செய்தது.