மரவள்ளிக்கு ஊற்றிய மருந்து

மரியநாயகத்துக்கு எழுதுவதென்றால் கொள்ளைப் பிரியம். எழுதியதை நாலு பேர் கேட்கப் படிப்பதென்றால் சாப்பாடே வேண்டாம். கோலாலம்பூருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி, மரம் வெட்டக்கூடாது, மிருகத்தைச் சுடக்கூடாது என்று சர்க்கார் ஒதுக்கி வைத்திருந்த காட்டுப் பூங்காவில் அவர் கிராணி. ஆள்களின் பேரைப் புத்தகத்தில் எழுதுவதுதான் உத்தியோகம். ஆனால் அவரைக் கேட்டால் தாம் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்றுதான் சொல்லுவார்.

அந்தப் பத்திரிகைக்குக் 'காட்டுச் செய்தி' என்று பெயர். மாதத்துக்கு ஒன்று, இரண்டே தாள், கையெழுத்துப் பிரதியும் ஒன்றுதான். முதல் தாளில் உடம்பைப் பேணுவது எப்படி, கை கால் போகாமல் வேலை செய்வது எப்படி என்று இருக்கும். இரண்டாம் தாளில் நம்மவர் செய்தி: யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிள்ளை, யார் ஊருக்குக் கப்பலேறினார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆள்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் நேரத்தில், மரியநாயகம் ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று அதைப் படிப்பார். பிறகு அதைச் சாமான் கொட்டகைக் கதவில் ஒட்டுவார்கள். அறுபது பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். அதனால் அவர் வாய்தான் பத்திரிகை.

பூங்காவை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைக்கு வேண்டியது முதல் தாள், சனத்துக்கு வேண்டியது இரண்டாவது. எல்லாரையும் கடைசிவரை நிற்க வைத்தது மரியநாயகத்தின் கிண்டல். பாதை வெட்டப் போன ஒருவன் அட்டை கடித்ததற்குப் புலி கடித்ததுபோல் அலறி ஓடிவந்ததை எழுதி, 'கடித்தது நான்தான் என்று அட்டையே வந்து சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று' என்று முடித்திருந்தார். சம்பந்தப்பட்டவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இப்படி ஒரு வருஷம் யாரும் முகம் சுளிக்காமல் ஓடியதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

முப்பத்து நாலாம் வருஷம் மழை விட்டதும் மலேரியாக் காய்ச்சல் வந்தது. இரண்டு பேர் செத்துப் போனார்கள். பட்டணத்திலிருந்து பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆண் பெண் அத்தனை பேருக்கும் தினம் கொய்னா மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெரட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஜெயராஜ், கொய்னாவைத் தகரக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார். வாங்கினவர்கள் குடித்து விழுங்கிவிட்டுத் தங்கள் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் அடக்கி வைத்துக்கொண்டு பேர் சொல்ல முடியாது என்பது கணக்கு. பேர் காதில் விழுந்ததும் மரியநாயகம் புத்தகத்தில் ஒரு கோடு போடுவார்.

வீரம்மா அங்கே பாதை கூட்டுகிறவள். கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவள், பாலம் கட்டும் தம்புசாமியின் பெண்சாதி. இயல்பாகவே அவள் வாய்க்குள் பேசுகிறவள். மருந்து குடித்ததும் பேர் சொன்னதுபோல் ஒரு முனகல் கேட்கும், மரியநாயகமும் கோடு போட்டுவிடுவார். ஒருநாள் பெரட்டு முடிந்ததும் அவர் ஆள்கள் குடியிருக்கும் லயத்தின் பின்பக்கமாகப் போனார். அங்கே வீரம்மா மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே குனிந்து, வாயிலிருந்த கொய்னாவைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஏதோ சொல்ல வந்தவளாய் ஓரடி முன்னால் வைத்தாள். மரியநாயகம் நிற்கவில்லை. அவருக்கு அந்நேரம் நல்ல வாக்கியம் ஒன்று தோன்றிவிட்டது, மறந்துபோவதற்குள் எழுதியாக வேண்டும்.

சாயங்காலம் எழுதியதை மனைவி கெர்ட்ரூடிடம் படித்துக் காட்டினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் அவள். அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவர் எழுதியிருந்தது இதுதான்: 'நம் வீரம்மா தினந்தோறும் தன் பங்குக் கொய்னாவை மரவள்ளிக்கு ஊற்றி வளர்த்து வருகிறாள். இவ்வருஷம் நமது மரவள்ளிகளுக்குக் குளிர்காய்ச்சல் வராது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

கெர்ட்ரூட் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்தது. "போதும்ங்க, வயிறு வலிக்குது" என்றாள்.

திங்கட்கிழமை பெரட்டிலும் அப்படித்தான். ஆள்கள் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. 'இன்னொரு தடவ படிங்க கிராணியாரே' என்று குரல் வந்தது, அவரும் இன்னொரு தடவை படித்தார். வீரம்மா தலையைக் குனிந்தபடி நின்றாள். தம்புசாமி மட்டும் சிரிக்கவில்லை. கட்டிய மனைவியைச் சொன்னால் எவனுக்குத்தான் ரோசம் வராது என்று மரியநாயகம் நினைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வீரம்மாவின் முறை வந்தால் வரிசையே எட்டிப் பார்க்கும். "மரவள்ளிக்கு வெக்காம குடி புள்ள" என்பான் ஒருவன். அவள் விழுங்குகிறாளா என்று, ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் பக்கத்தில் நின்று தொண்டையைப் பார்ப்பான். அவள் குடித்தாள். பேரையும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். எட்டு நாள் அப்படிப் போயிற்று. பேனாவால் ஆகாத காரியம் உண்டா என்று மரியநாயகம் ஜெயராஜிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அவள் பெரட்டுக்கு வரவில்லை. தம்புசாமி மட்டும் வந்தான், ஆபீஸ் வாசலில் நின்றான்.

"லோரி வேணுங்கய்யா. அவளுக்கு வயித்து வலி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

"வயித்து வலிக்கா பெரிய ஆஸ்பத்திரி? டிரஸ்ஸர்கிட்ட காட்டினியா?"

"அவருதான் போவச் சொன்னாரு" என்றான் தம்புசாமி. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயராஜ் கூடப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தார். மரியநாயகத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாலாவது மாசம். புள்ள போச்சு."

மரியநாயகத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏற்கனவே ரெண்டு தடவ மூணாம் மாசத்துலயே போயிருக்கு. அதனால இந்தத் தடவ அஞ்சு மாசம் ஆவுற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்திருக்கா. கொய்னா கர்ப்பத்தக் கலைச்சிரும்னு அவங்க தோட்டத்துல எவளோ சொல்லியிருக்கா. அதான் துப்பியிருக்கா."

"கொய்னாவாலதான் போச்சா?"

"எனக்குத் தெரியாது. ஒடம்புல காய்ச்சலும் இருந்துச்சு. ரெண்டுல எதுன்னு பெரிய டாக்டராலயே சொல்ல முடியல" என்றார் ஜெயராஜ். "ஆனா உங்க வீட்டம்மாவுக்கு நான் என்ன சொன்னேன் கிராணியாரே? கொய்னா வேணாம், கொசுவல போதும்னு சொன்னேன்ல. எதுக்குச் சொன்னேன்?" என்றார்.

ஜெயராஜ் அதைச் சொன்னது மரியநாயகத்தின் வீட்டுக் கூடத்தில்தான், அவர் கண்ணெதிரேதான். கெர்ட்ரூடின் கொய்னா மாத்திரை டப்பா அன்றிலிருந்து திறக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

"அவ என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் மரியநாயகம் கடைசியில். சொன்னதுமே அந்தப் பேச்சு அவருக்கே அசிங்கமாகப் பட்டது.

"அறுவது பேரு நிக்கிற எடத்துல எப்படிச் சொல்லுவா? உங்க வீட்டுல வந்து மாசமா இருக்காங்களான்னு கேட்டேன். லயத்துல போயி ஒருத்திகிட்டயும் நான் கேக்கல. நீங்களும் கேக்கல" என்று ஜெயராஜ் எழுந்து போய்விட்டார்.

அவள் சொல்லத்தான் வந்தாள். மரவள்ளிக்கு நடுவே ஓரடி முன்னால் வைத்தது அதற்குத்தான். தாம் அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும். ஒரு வாக்கியத்துக்காக நிற்காமல் போனதை நினைக்க நினைக்க மரியநாயகத்துக்கு உடம்பு கூசியது. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கெர்ட்ரூட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானுந்தானே சிரிச்சேன்" என்றாள். "இவன வயித்துல வெச்சிக்கிட்டே சிரிச்சேனே."

அந்த வாரம் முழுக்க மரியநாயகம் ஆள்களின் முகத்தைப் பார்க்காமல் கோடு போட்டார். வழியில் யாராவது 'என்னங்கய்யா இந்த மாசம் யாரு மாட்டுனாங்க?' என்று பல்லைக் காட்டிக் கேட்டால், காது கேட்காதவர்போல் நடந்தார். தெரியாமல் செய்த பிழை என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தார். தெரிந்துதானே இருந்தது! கர்ப்பிணிக்குக் கொய்னா கொடுக்கக்கூடாது என்பது அந்தக் காட்டில் டிரஸ்ஸருக்கு அடுத்தபடி அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும். அது கிராணி வீட்டுச் சங்கதி என்று மட்டும் நினைத்திருந்தார். பாதை கூட்டுகிறவளுக்கும் வயிறு உண்டு என்பது அவர் புத்தியில் ஏறவில்லை.

கடைசியில் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். மன்னிப்பு எழுதினார். நாலு தரம் அடித்துத் திருத்தி, ஒரு முழுத் தாளுக்கு எழுதினார். வீரம்மா என்ற உத்தமியின் மௌனத்தைத் தாம் அறியாமல் போனதையும், அவளுடைய இழப்பையும், தமது பேனா செய்த பாவத்தையும் உருக உருக எழுதினார். எழுதும்போது கண்ணீர் வந்தது. படித்துப் பார்த்தபோது, அடுத்த பெரட்டில் பெண்கள் அழுதுவிடுவார்கள் என்று தோன்றியது.

அடுத்த மாதத்தின் முதல் திங்களுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்தபிறகு அதை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த வீரம்மா வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒக்காரும்மா" என்றார். அவளை 'அம்மா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒன்னப் பத்தி எழுதியிருக்கேன். நாளைக்குப் பெரட்டுல படிக்கணும். அதுக்கு முந்தி நீ கேக்கணும்."

மெல்லிய குரலில் படித்தார். அவள் முறத்தைப் பார்த்தபடியே கேட்டாள். படித்து முடித்ததும் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்கய்யா" என்றாள் பிறகு.

மரியநாயகத்துக்கு நெஞ்சு லேசாயிற்று.

"ஆனா லயத்துல யாருக்கும் தெரியாதுங்க. வயித்து வலின்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். இதப் படிச்சா மூணாவதும் தங்கலன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும். நாளைக்கு ஒருத்தி வீட்டு நல்லது கெட்டதுக்கு என்னய முன்னுக்கு நிக்க விட மாட்டாங்க." அவள் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். "சிரிக்கிறதுக்கும் வேணாம், அழுவுறதுக்கும் வேணாம். எம் பேரு அதுல இனிமே வர வேணாங்கய்யா."

மரியநாயகம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கும்பிட்டாரா, ஏதாவது சொன்னாரா என்று பிறகு அவருக்கே நினைவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் தாம் கைதட்டலுக்கு அலைந்தது வழி நெடுகச் சுட்டது. வீட்டுக்கு வந்து அடுப்பில் தாளைப் போட்டார். கெர்ட்ரூட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சற்று யோசித்து, "ஒரு பேரு வேணும்னா என் பேரப் போடுங்க" என்றாள். "எனக்குச் சம்மதம்."

மறுநாள் காலை மரியநாயகம் பெட்டியின்மேல் ஏறினார். ஆள்கள் சிரிக்கத் தயாராக நின்றார்கள். காய்ச்சல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் படித்தார். அரிவாளை உறையில்லாமல் தோளில் போட்டு நடக்கக்கூடாது என்பதைப் படித்தார். பிறகு தாளைப் பார்க்காமலே பேசினார்.

"நம்மவர் செய்தி. கிராணி மரியநாயகத்தின் மனைவி கெர்ட்ரூட் மாசமாயிருக்கிறாள். இத்தனை மாசமாக அவள் கொய்னாவைத் தொடவில்லை."

எவனோ சிரித்தான். மண்டோர்கூடக் கிண்டல்தான் வருகிறது என்று பல்லைக் காட்டினான்.

"சிரிக்காதீங்க" என்றார் மரியநாயகம். "டிரஸ்ஸர் வேணாம்னு சொன்னாரு. மாசமா இருக்கிறவங்களுக்கு அது ஆகாதாம். எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு மட்டும் வெச்சிக்கிட்டு ஒங்க யாருக்கும் சொல்லல. அது என் குத்தம். எனக்கு வெக்கமா இருக்கு. இனிமே எந்தப் பொம்பளையும் கிண்ணத்தக் கீழ வெச்சிட்டுப் போவலாம். ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் கோடு போட்டுருவேன்."

பெட்டியிலிருந்து இறங்கிப் புத்தகத்தை விரித்தார். ஜெயராஜ் கிண்ணங்களைக் கொடுக்கத் தொடங்கினார். பெண்கள் வரிசையில் யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வீரம்மாவோடு பாதை கூட்டும் இராஜம்மா தன் கிண்ணத்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வைத்தாள். வரிசையின் கடைசியில் நின்ற புதுப்பெண் ஒருத்தியும் வைத்தாள். மூன்று பேர். மூன்று பேரும் இத்தனை நாள் இதே இடத்தில் அவர் கண்ணெதிரே குடித்துப் பேர் சொன்னவர்கள்.

வீரம்மாவின் முறை வந்தது. மரியநாயகம் நிமிர்ந்து பார்க்கத் துணியாமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் தரையில் படும் ஓசைக்காக அவர் காது காத்துக் கிடந்தது. அது கேட்கவில்லை. அவர் தலையைத் தூக்கியபோது, அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள். இனி அவள் அதைக் குடிக்கலாம்.