கூட்டாத பவர்

மாமியார் தன் மாப்பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி, "என் கார்ல பவர் கூட்டித் தர முடியுமா?" என்பதுதான்.

மற்ற வீடுகளில் மாமியார்கள் குழாய் ஒழுகுகிறது, பல்பு எரியவில்லை என்று கேட்பார்கள். இவர் பவர் கேட்டார். கேட்டதிலும் தப்பில்லை. மாப்பிள்ளையின் பட்டறையே அதற்குத்தான் இருந்தது. நன்றாக ஓடுகிற காரைக் கொண்டுவந்து, இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று கேட்கிறவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அது மாமியார் பழசாக வாங்கிய, எஞ்சினுக்குள் காற்றை ஊதித் திணிக்கும் டர்போ வைத்த கார். பார்க்க நாலு கதவு வைத்த சாது. மிதித்தால்தான் சுயரூபம் தெரியும். மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி வெகுநாளாகிறது. தினமும் அதில்தான் மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே மருந்துப் பிரிவே அவர் கையில். அதே ஆஸ்பத்திரியில்தான் அவர் மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி, எக்ஸ்ரே எடுக்கிறாள். வேலை நேரம் ஒத்துப்போகிற நாட்களில் அம்மாவோடு அதே காரில் போய்விடுவாள்.

பவர் மேல் திடீரென்று ஆசை வரக் காரணம் ஒரு பல் டாக்டர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், பொம்மை மாதிரி ஓர் எலக்ட்ரிக் கார் வைத்திருந்தார். ஏற்றத்தில் மாமியாரை முந்திக்கொண்டு போனதோடு விடாமல், கையையும் அசைத்துவிட்டுப் போயிருக்கிறார். முந்தியதைக்கூட மாமியார் பொறுத்துக்கொண்டிருப்பார். கையை அசைத்ததுதான் தாங்கவில்லை.

மாப்பிள்ளைக்கோ அந்த ஒரு கேள்வியில் உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணத்தின்போதே மாமியாருக்கு அரைமனது. இவ்வளவு படித்த பெண், கிரீஸ் ஏறிய நகத்தைப் பார்த்தா மயங்கினாள் என்று ஒரு வருத்தம். பெரிய மனுஷி, அதை வெளியே சொன்னதில்லை. ஆனால் பேர் சொல்லியும் கூப்பிட மாட்டார், முறை வைத்தும் கூப்பிட மாட்டார். "இந்தாங்க", "கேட்டீங்களா" என்றே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார்.

கார் பட்டறைக்கு வந்தது. மாப்பிள்ளை முதலில் எஞ்சினைச் சோதித்தார். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒரு கருவியைச் செருகிப் பார்ப்பது வழக்கம். மூன்று சிலிண்டர் வயசுக்கு மீறின திடத்தோடு இருந்தன. நாலாவது மட்டும் சற்று தளர்ந்திருந்தது. தினப்படி ஓட்டத்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் எஞ்சினின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி, டர்போவை இன்னும் அதிகக் காற்றைத் திணிக்கச் சொன்னால், அந்த நாலாவதுதான் முதலில் வாயைப் பிளக்கும். அதுவும் பட்டறை வாசலில் பிளக்காது, நட்ட நடு ஏற்றத்தில் பிளக்கும்.

ஆகவே பவரைக் கூட்டவில்லை. வண்டி இழந்திருந்ததைத் திருப்பிக் கொடுத்தார். காற்று போகும் ரப்பர் குழாய் ஒன்று வெடித்து, டர்போ ஊதியதில் பாதி வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றினார். பிளக், காயில், எரிபொருள் வடிகட்டி எல்லாம் புதுசு. பிரேக் குழாயும் கட்டையும் ஆயிலும் புதுசு, டயரும் புதுசு. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் கருவாடாய்க் காய்ந்து கிடந்தன, அவற்றையும் தூக்கிப் போட்டார். இதையெல்லாம் எப்படி எடுத்துச் சொல்வது என்று மனசுக்குள் ஒரு பேச்சையும் தயார் செய்து வைத்தார். 'அத்தை, இந்த எஞ்சினைப் பிரிச்சு நாலாவதைச் சரி பண்ணின அப்புறம்தான் பவர்' என்று பேச்சு முடியும்.

மாமியார் பேச்சைக் கேட்க நிற்கவில்லை. சாவியை வாங்கினார், ஒரு சுற்று போய் வந்தார். இறங்கும்போது முகம் பளபளத்தது. மனைவிகூட அம்மாவை அப்படிப் பார்த்து நாளாயிற்று என்றாள்.

"நல்லா கூட்டிட்டீங்க போலிருக்கே மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை. அந்த வாயிலிருந்து, அந்த வார்த்தை. தயார் செய்து வைத்த பேச்சு எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

"கொஞ்சம்" என்றார் அவர்.

பொய் என்று பார்த்தால் அந்த ஒரு சொல்தான். அதிலும் பணிவு தெரிகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அப்புறம் அவருக்கு ராஜயோகம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொல்லி மாமியாரே போன் செய்தார். சொந்தக்காரர்கள் நடுவில், "எங்க மாப்பிள்ளை கை வெச்சா வண்டி பேசும்" என்றார். பல் டாக்டரை ஏற்றத்தில் பின்னுக்குத் தள்ளிய கதை இரண்டு முறை சொல்லப்பட்டது. இரண்டாம் முறை டாக்டரின் கார் இன்னும் தூரத்தில் பின்தங்கியது. மாப்பிள்ளை மோரைக் குடித்துக்கொண்டே கேட்டார். வெட்கமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று மென்று முழுங்கினார்.

ஒருநாள் சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்: "அம்மா இப்போ மாறிட்டாங்க. முன்னெல்லாம் கல் லாரி பின்னாடி பொறுமையா போவாங்க. இப்போ லாரியக் கண்டாலே வலது பக்கம் எட்டிப் பார்க்கிறாங்க. கேட்டா, 'உன் புருஷன் செஞ்ச வண்டிடி'ங்கிறாங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். வேகத்தைப் பற்றி அவருக்குப் பாடம் தேவையில்லை. கூட்டிய பவரோடு சரியாக ஓட்டலாம், கூட்டாததோடும் சரியாக ஓட்டலாம். இல்லாத பவரை இருக்கிறதென்று நம்பி எதிர்ப்பக்கம் ஏறினால், நடுவழியில்தான் கணக்கு உதைக்கும். தாங்காத எஞ்சினோடு எவனெவனோ வந்து கேட்டபோதெல்லாம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அனுப்பியவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டுவிட்டார்.

அப்போதும் உடனே சொன்னாரா என்றால், இல்லை. இன்னொரு வழி தோன்றியது. பொய்யை நிஜமாக்கிவிட்டால் என்ன? மறுநாள் மாமியாருக்கு விடுமுறை. மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், சர்வீஸ் பார்க்கிற சாக்கில் லேப்டாப்போடு அவர் வீட்டு வாசலுக்குப் போனார். ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகினார். திரையில் எஞ்சினின் கணக்கெல்லாம் வரிசையாக விரிந்தது. நாலு எண்ணை மாற்றினால் போதும், அவர் யோக்கியனாகிவிடலாம். யாருக்கும் தெரியாது.

நாலாவது சிலிண்டருக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று இவருக்கும் தெரியும். வெயிலில் சூடேறிய அந்தக் காருக்குள் வேர்வை வழிய உட்கார்ந்திருந்து, கடைசியில் லேப்டாப்பை மூடினார். தன் மேல் அவருக்கு அவ்வளவு அருவருப்பு வந்தது அன்றுதான்.

அடுத்த நாள் மாமியாருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மனைவி காலையிலேயே போயிருந்தாள். "நானும் கூட வரேன் அத்தை, ஏத்தத்துல வண்டி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்" என்றார்.

"வாங்க வாங்க" என்று மாமியார் சந்தோஷமாகப் பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்துப் பின்னால் போட்டார்.

மலைப்பாதையில் மூன்றாவது வளைவு தாண்டியதும் கல் லாரி ஒன்று முன்னால் முனகிக்கொண்டு ஏறியது. மாமியார் கியரைக் குறைத்து, இண்டிகேட்டரைப் போட்டு, மெல்ல வலதுபுறம் நகர்ந்து எட்டிப் பார்த்தார்.

"அத்தை, முந்த வேணாம். பின்னாடியே போங்க."

"ஏன்? உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"நான் பவர் கூட்டவே இல்ல அத்தை."

கார் தன் பக்கத்துக்கே திரும்பியது. இண்டிகேட்டர் மட்டும் கொஞ்ச நேரம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்து, பிறகு மாமியார் கையால் நின்றது. லாரியின் கரும்புகை கண்ணாடியில் வந்து மோதியது. மாப்பிள்ளை பேசத் தொடங்கினார். வெடித்த குழாயைச் சொன்னார், தளர்ந்த சிலிண்டரைச் சொன்னார், நேற்று மத்தியானம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்ததைக்கூட ஒளிக்காமல் சொன்னார். பூசி மெழுகவில்லை. மாமியார் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

லாரிகள் பிரேக் ஆற நிறுத்தும் அகலமான இடம் ஒன்று வந்தது. அங்கே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க மாப்பிள்ளைன்னு கூப்பிட்டீங்க. அது போயிடுமோன்னு பயம்."

மாமியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார். வேறென்னவோ இருந்தது.

"போன வாரம், அதோ அந்த வளைவு" என்று கண்ணாடி வழியே கை காட்டினார். "இதே மாதிரி லாரி. ஏறிட்டேன். பாதி தூரம் போனப்புறம் எதிர்ல பஸ். வண்டி போகல. போற வேகத்துல போச்சு, நான் நினைச்ச வேகத்துல போகல. பிரேக்கப் போட்டுப் பின்னாடி வந்துடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம் எனக்கே சொல்லிக்கிட்டேன், மாப்பிள்ளை செஞ்ச வண்டி, இன்னும் இருக்கும், மிதின்னு. மிதிச்சேன்."

மாப்பிள்ளை திரும்பி அந்த வளைவைப் பார்த்தார்.

"அந்த பஸ்காரர் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினாரு. அதனாலதான் வந்து சேர்ந்தோம்."

"சேர்ந்தோம்னா?"

"அவளும் இருந்தா. நீங்க இருக்கிற இந்த சீட்டுதான். தூங்கிட்டிருந்தா. முழிக்கவே இல்ல."

மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அங்கிருந்த ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அழுகிறவர் இல்லை அவர், அன்று அழுதார். லாரிக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு எட்டிப் பார்த்துவிட்டு, குடும்பச் சமாச்சாரம் போல என்று தன் வண்டிக்கே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மாமியாரும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"நானும் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நீங்க வண்டி ஓட்ட விட மாட்டீங்க, அவளும் கூட வர மாட்டா. கிழவிக்குக் கண்ணு மங்கிடுச்சும்பாங்க. நீங்க கொஞ்சம்னு சொன்னீங்க. நான் நடந்ததையே மறைச்சிட்டேன்."

"தப்பு என்னோடது அத்தை."

"பொய் உங்களோடது. வளைவுல முந்தினது நான். உங்க தலையில எல்லாத்தையும் ஏத்திக்காதீங்க, எனக்கும் கொஞ்சம் வேணும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சினைப் பிரிங்க. எத்தனை நாள் ஆகும்னாலும் நான் பஸ்ல போறேன். அதுக்கு மேல பவர் கூட்டுறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம். அவகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"ரெண்டு பேரும் சொல்லுவோம்."

மீதி ஏற்றம் முழுக்க இன்னொரு கல் லாரியின் பின்னாலேயே போனார்கள். பல் டாக்டரின் பொம்மைக் கார் ஒருமுறை முந்திக்கொண்டு போனது, கையும் அசைந்தது. மாமியார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காலை வேலை முடித்த மனைவி படியிறங்கி வந்தாள். அம்மாவும் புருஷனும் ஒரே காரிலிருந்து இறங்குவதைப் பார்த்து நடை தளர்ந்தாள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்ததையும் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்தார். தோளில் மாட்டியிருந்த பை, கலைந்த முன்முடி, கேள்வி கேட்டுவிட்டுப் பாதியில் நின்ற புன்னகை, எல்லாம் முழுசாக எதிரே இருந்தன. அதைப் பார்த்துத் தீரவில்லை அவருக்கு.

"உனக்கு ஆகியிருக்கும்" என்றார்.

மாமியார் பின்கதவைத் திறந்து, "ஏறி உட்காரும்மா, சொல்றோம்" என்று மகளுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.