குஞ்சு-7இல் எத்தனை கிலோ உப்பு

பல்லடம் பக்கத்துக் கோழித்தீவன ஆலையில் கலவை மிஷினில் நிற்பவன் தம்பிதுரை. பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கித் தோள் இறங்கிப் போனபின், நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்து வாங்கிய இடம் அது. அந்த இடம் இன்றைக்கே போய்விடும் போலிருந்தது.

"உப்பு மூணு கிலோன்னு இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" மேலாளர் சென்னகிருஷ்ணன் திரையைத் தட்டினார். "பண்ணையில குஞ்செல்லாம் தண்ணியாக் குடிச்சுக் கழியுது. தீவனத்துல பதிமூணு இருக்குதாம்!"

"நேத்து பதிமூணுன்னுதானுங்க காட்டுச்சு. அதைத்தானுங்க போட்டேன்."

"அப்ப இது என்ன?"

குஞ்சு-7. உப்பு 3 கிலோ. தம்பிதுரை விரல் வைத்துப் படித்தான். மூன்றுதான். நேற்றும் மூன்றுதானோ? அசந்த வேளையில் இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டானோ? கண்ணாடியில் கீறல் இருக்குமோ என்று துடைத்துக்கூடப் பார்த்தான்.

கம்ப்யூட்டர் பார்க்கும் ஃபெமினா வந்தாள். தீவன ஃபார்முலாவை எத்தனை முறை திருத்தினாலும் பழசு அழியாமல், ஒவ்வொன்றும் தனக்கென்று இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்த ஏழெழுத்து அடையாளத்தோடு கம்ப்யூட்டரில் இருக்கும். அதில் ஆலைக்குப் போக வேண்டியது எதுவோ, அதன்மேல் ஒரு பெயரைப் போடுவாள். அதற்குப் பேர் டேக்.

"அதே டேக்தாங்கண்ணா. குஞ்சு-7."

தம்பிதுரை நோட்டை நீட்டினான். "பதிமூணுன்னு எழுதி வெச்சிருக்கேனுங்க."

"தப்பாப் படிச்சுத் தப்பா எழுதிருக்கே," என்றார் சென்னகிருஷ்ணன். "நாளையிலிருந்து மூட்டைக்கே போயிரு."

ஃபெமினா நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "தேதி, ஆலை பேரு, இந்தப் பொடி எழுத்து ஏழும்கூடவா? இதையெல்லாம் யாருமே பார்க்க மாட்டாங்கண்ணா."

"எது வேணும், எது வேண்டாம்னு எனக்குத் தெரியாதுங்களே அம்மணி. இருக்கறதையெல்லாம் எழுதிப்போடுவேன்."

நோட்டில் அந்த அடையாளம் ஏ, மூன்று, எஃப் என்று தொடங்கியது. திரையில் ஈ, எட்டு, ஒன்று. ஃபெமினாவின் சிரிப்பு நின்றது. நோட்டில் இருந்த ஏழு எழுத்தையும் கம்ப்யூட்டரில் தட்டினாள். திரை மாறியது.

உப்பு 13 கிலோ.

"சார்... நேத்துக் காலையில தப்பான ஃபார்முலாமேல டேக்கைப் போட்டுட்டேன். சரிபார்க்கல. பத்து மணிக்குத்தான் கண்ணுல பட்டுது. அதே பேரை எடுத்துச் சரியானதுமேல மாத்திப் போட்டேன். அதுக்குள்ள கலந்திருப்பாங்கன்னு நினைக்கல."

சென்னகிருஷ்ணன் இருவரையும் பார்த்தார். "பண்ணைக்கு நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தம்பிதுரைக்குக் குழப்பம் தீரவில்லை. "ஒரே பேருக்கு ரெண்டு உப்புங்களா அம்மணி? மூட்டையில கட்டின சீட்டை அவுத்து இன்னொண்ணுல கட்டினா எங்களைக் கொன்னுபோடுவாங்களே!"

"இனி அவுக்க மாட்டேண்ணா." தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சரியான ஃபார்முலாவுக்குக் குஞ்சு-8 என்று புது டேக் போட்டாள். "உங்க திரையில வர்ற ஏழெழுத்தையும் படிங்க. நான் இங்க ஒத்துப் பார்க்கறேன்."

ஒவ்வொன்றாகப் படித்தான். ஐந்தாவதில் நின்றான். "இது 'பி'ங்களா, ஆறுங்களா?"

அவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "ஆறுண்ணா."

ஏழும் ஒத்துப்போயின. மூட்டைக்குப் போகச் சொன்ன பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பிதுரை மூன்று கிலோ உப்பைத் தராசில் வைத்தான். இறக்கினான். திரையைப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தான்.