அருளம்பலத்தின் குரல் இறங்கிய பெரிலியத் தட்டு

“அமிலத்தில போட்டுத்தான் ஆகோணும், அக்கா. தட்டை இஞ்ச தாங்கோ.”

“கிட்ட வந்தியெண்டா உன்னைத்தான் தூக்கிப் போடுவன், றிகாஸ்.”

“அப்ப கப்பல் நடுக்கடலில வழி தெரியாமல் நிண்டா, நீங்களோ நீந்திப் போய்க் காட்டுவீங்கள்?”

அன்புவழிபுரத்து லேத் பட்டறையில் அங்கே வேலை செய்யும் றிகாஸோடு இந்தச் சண்டை நடந்தபோது, நிரோஜினியின் மடியில் துவாய் சுற்றி இருந்த பெரிலிய உலோகத் தட்டுக்குள், மாசியில் மாரடைப்பால் இறந்த அவள் கணவன் அருளம்பலம் பேசிக்கொண்டிருந்தார். குரல் கொஞ்சம் அடைத்துத்தான் வந்தது. பெரிலியத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று முகமூடி போட்டுக்கொண்டே அதைக் கடைந்தவர் அவர்.

கப்பலுக்குத் திசை காட்டும் கருவிக்குள் வேகமாகச் சுழலவேண்டிய தட்டு அது. பெரிலியத்தைக் கத்தி அழுத்தி வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் மேல்தோலுக்குள் இறங்கிவிடும். அதனால் போகப்போக மெல்லிசாக வெட்டி, மிஞ்சும் பழுதான தோலைக் கடைசியில் அமிலத்தில் கரைத்து எடுப்பார்கள். கரைக்காமல் விட்டால் சுழலும்போது தட்டு உடையும். அருளம்பலம் வாய் ஓயாதவர். கடையும்போது கதைத்ததெல்லாம் வெடிப்புகள் வழியே இறங்கித் தங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே சைக்கிளில் சீனன்குடாவுக்குப் போய் மழையில் நனைந்தது, அவளுடைய முதல் நண்டுக் கறியில் உப்பே இல்லாதது, எல்லாம். “எண்டாலும் ரெண்டு கோப்பை சோறு சாப்பிட்டனான்” என்பார். “பொய்” என்பாள் நிரோஜினி, பின்னேரங்களில் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து. ஓரிடம் வரும்போது மட்டும் துவாயால் இறுக்கி மூடிவிடுவாள்.

அன்று சரியாக அந்த இடத்தில், இழுபறியில் துவாய் றிகாஸின் கையோடு வந்துவிட்டது.

“சீ, ஆழமா இறங்கிட்டுது” என்றது தட்டு. “நல்லாக் கரைச்செடுக்கோணும். ஆக்கள் போற கப்பல்.”

நிரோஜினி நீளக் கையுறையை மாட்டி, தட்டைத் தானே அமிலத்தில் இறக்கினாள். அது பளிச்சென்று, ஊமையாக வெளியே வந்தது. கப்பலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

கழிவு அமிலத்தைப் பிளாஸ்டிக் கானில் ஊற்றி இறுக்கி மூடிப் பின்னறையில் வைத்தார்கள். மறுநாள் அது நண்டுக் கறியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது, முகமூடி இல்லாத தெளிவான குரலில். நிரோஜினி கதிரையை அங்கே மாற்றிக்கொண்டாள். வேலைக்கு வரும்போது றிகாஸ் கானுக்கும் ஒரு சலாம் சொல்லிவிட்டுத்தான் லேத்தைப் போடுகிறான். ஊரில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

இப்போது அமிலம் தின்று கான் வெளிறிக்கொண்டு வருகிறது. வேறொன்றுக்கு மாற்றவேண்டும். கதை முன்பின்னாகாமல், ஒரு சொல்லும் சிந்தாமல் ஊற்றுவது எப்படி என்று நிரோஜினி கேட்கிறாள். இப்படி ஊற்றி மாற்றியவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.