கருப்பு நூல் பொட்டலம்

இந்திராணிக்குப் பூவைவிட விதைமேல்தான் ஆசை. மற்றவர்கள் பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். இவள் அது செடியிலேயே காய்ந்து சருகாகும்வரை காவல் காப்பாள். பிறகு நிழலில் உலர்த்தி, உதிர்த்து, காகிதத்தில் மடித்து, தறியில் மிஞ்சிய பட்டு நூலால் கட்டி, காலி ஜரிகை டப்பாவில் போட்டுவைப்பாள். மஞ்சள் பூவுக்கு மஞ்சள் நூல், வாடாமல்லிக்கு ஊதா நூல். பெரிய காஞ்சிபுரத்தில் அந்த நெசவுத் தெருவில் பாதி வீட்டுத் தொட்டிகளில் அவள் கொடுத்த விதைதான் முளைத்திருந்தது. எப்பேர்ப்பட்ட விதையையும் தூக்கிப்போட அவளுக்கு மனசு வராது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருஷம் தெருக்கோடி ராஜவேலு செத்தபோது வழியெல்லாம் மஞ்சள் செண்டுமல்லியை இறைத்துக்கொண்டு போனார்கள். சாவு ஊர்வலப் பூவை யாரும் தொடுவதில்லை, மிதிப்பதும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு வீட்டு வாசற்படியோரம், சிமெண்டு விரிசலில், ஒரு செண்டுமல்லி தானாக முளைத்தது. தண்டும் பூவும் அரக்கு நிறம். பூ விரிந்த மூன்றாம் நாள் அந்த வீட்டில் ஒரு சாவு. அடுத்து எதிர்வீட்டு வாசலில் முளைத்தது, அதற்கடுத்து பக்கத்து வீட்டில். எல்லா இடத்திலும் மூன்றாம் நாள்தான். தெருவில் யாரும் கவனிக்கவில்லை. செடியை அப்படி உற்றுப் பார்க்கிறவள் இந்திராணி ஒருத்திதான், பாவம்.

நாலாவது அவள் வாசலிலேயே முளைத்தது. பிடுங்கிப்போட்டாள், மறுவாரம் அதே விரிசலில் நின்றது. உள்ளே கணவர் மாணிக்கவாசகம் நெஞ்சுவலி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொன்னால் சிரிப்பார், இல்லை பயந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். சொல்லவில்லை. மொட்டு பிளக்கும் முன் செடியை மண்ணோடு பெயர்த்து, இரும்பு ஏணியில் ஏறி, மொட்டைமாடித் தொட்டியில் வைத்தாள். அங்கே பூத்தது. மூன்று நாள் போனது, ஒரு மாதம் போனது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாடிக்கு வாசல் கிடையாது, அதனால்தான் என்று முடிவுகட்டினாள்.

காய்ந்த பூவை அடுப்பில் போட்டிருக்கலாம். போடத்தான் போனாள், கை எழவில்லை. மற்றதோடு கலந்துவிடாதபடி அந்த விதையை மட்டும் கருப்பு நூலால் மூன்று சுற்றுச் சுற்றி, டப்பாவின் அடியில் போட்டுவைத்தாள்.

தை முதல் முகூர்த்தத்தில் மகன் லோகேஷுக்குக் கல்யாணம் என்று நிச்சயமானது. மருமகளாக வரப்போகிற இளவரசிக்கு ஒரு யோசனை.

"அத்த, தாம்பூலப் பையில தேங்காயோட உங்க செண்டுமல்லி விதையும் ஒரு பாக்கெட் போட்டுக் குடுக்கலாமா?"

இந்திராணிக்குப் பெருமை பிடிபடவில்லை. டப்பாவைக் கணவர் கையில் கொடுத்து, பிரித்துப் பாக்கெட் போடச் சொல்லிவிட்டு, பத்திரிகை வைக்கக் கிளம்பிவிட்டாள். கல்யாண வீட்டில் மறதிக்கா பஞ்சம். அந்தப் பொட்டலம் நினைவுக்கு வந்தது கல்யாணம் முடிந்த நாலாம் நாள்தான்.

"ஏங்க, இந்த டப்பாவுல கருப்பு நூல் கட்டி ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவா? நான்தான் அறுத்துப்போட்டேன்," என்றார் மாணிக்கவாசகம், தறியை நிறுத்தாமல். "கல்யாணச் சாமான்ல போய் கருப்பு வெச்சிருக்கியே. பிரிச்சா செண்டுமல்லி. எல்லாத்தோடயும் கொட்டிக் கலந்துட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முகூர்த்தச் சேலையில் ஒரு கருப்பு இழை தெரிந்தாலும் எடுத்துவிட்டு மறுவேலை பார்க்கிற குடும்பம் அது. முந்நூறு பைகள் மாகறல் கிராமம்வரை போய்ச் சேர்ந்திருந்தன.

அதன்பிறகு செடிகள் வளர வளர அவள் வீடு வீடாக அலைந்தாள். தண்டு அரக்காக இருந்த செடிகளை மட்டும், பூச்சி விழுந்த விதை என்று பொய் சொல்லி, மொட்டோடு வாங்கிவந்து மாடியில் ஏற்றினாள். பதினோரு தொட்டி சேர்ந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் தனிக்குடித்தனம் வைத்த மகன் வீட்டில் கேட்டபோது, "எங்களுது மொளைக்கவே இல்ல அத்த," என்றாள் இளவரசி. இந்திராணிக்கு உயிர் வந்தது.

பங்குனியில் ஒரு நாள் காலை இளவரசியிடமிருந்து போனில் படம் வந்தது. வாசற்படியில் தொட்டி. அரக்குத் தண்டு. நுனி பிளக்கத் தொடங்கிய மொட்டு. "லேட்டா மொளைச்சுது அத்த" என்று எழுதியிருந்தாள்.

தெருமுனை ஜான்சன் ஆட்டோவைப் பிடித்து ஓடினாள். லோகேஷ் வேலைக்குக் கிளம்பி, அந்தத் தொட்டியின் பக்கத்திலேயே நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம வந்துக்கிற?"

"இந்தச் செடி வாணாம்பா. வேற தர்றேன்."

மகன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தொட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். இரண்டு தெரு தாண்டிக் குனிந்து பார்த்தபோது பூ முழுதாக விரிந்திருந்தது. எந்தச் செண்டுமல்லியும் அவ்வளவு சீக்கிரம் விரிந்து அவள் பார்த்ததில்லை. மகன் வாசலில் விரியவில்லை, அது போதும் என்று நெஞ்சு ஒரு கணம் நிறைந்தது. அடுத்த கணமே பயம் வந்தது. மாடிக்குப் போக, விரிந்த பூவோடு தன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

"வீட்டாண்டதானேமா?" என்றான் ஜான்சன்.

"நிறுத்தாதப்பா. வீடு வாசல் இல்லாத எடமாப் பார்த்து ஓட்டிக்கினே போ."

"அப்பிடிப் போவணும்னாலும் நம்ம தெரு வழியாத்தான் போவணும். மத்த பக்கமெல்லாம் உற்சவத்துக்கு அடைச்சிட்டான்."

தெருவில் தண்ணீர் தெளித்து, வீட்டுக்கு வீடு பெரிய கோலம் போட்டிருந்தார்கள். அன்று சாமி அந்தத் தெரு வழியாக வருகிற நாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டு வாசலில் மாணிக்கவாசகம் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு, நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார். படியின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தொட்டிகள். பதினொன்றும் பூத்திருந்தன.

"எங்க பூட்ட?" என்று சிரித்தார். "சாமி வருதே, மேல யாரு பார்க்கப் போறாங்கன்னு ஒண்ணொண்ணா எறக்கி வெச்சேன். ஏணி ஏறி எறங்கித்தான் மூச்சு முட்டுது."

ஊர்ந்துகொண்டிருந்த ஆட்டோவை நிறுத்தாமலே ஜான்சன் திரும்பிப் பார்த்தான். "போய்க்கினே இருக்கட்டுமாம்மா?"

"வாணாம்பா. நிறுத்து," என்றாள்.

இறங்கி, எது நடந்தாலும் இந்த வாசலோடு போகட்டும் என்று, மடியில் இருந்த தொட்டியைப் பதினொன்றோடு சேர்த்துப் படியோரம் வைத்தாள். கணவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் இப்போது இருந்தது இரண்டே பேர்தான்.