தவளைக் கூட்டத்தை எடுப்பது யார்

1

இந்தக் கதை ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவதற்காக எழுதப்படுகிறது. வருகிற ஞாயிறு பின்னேரம் நான் ஒரு சொல் சொல்ல வேண்டும். போன ஞாயிறே சொல்லியிருக்க வேண்டியது. ஒரு வாரம் தவணை கேட்டேன். முனீப் கொடுத்தான்.

"எழுத்தாளன்தானே மச்சான். எழுதிப் பாத்து யோசிச்சிட்டு வா," என்றான்.

நான் எழுத்தாளன் இல்லை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை. பத்திரிகையில் சில கதைகள் வந்திருக்கின்றன. முனீப் ஒன்றையும் வாசிக்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.

சொல்ல வேண்டிய சொல், ஒரு சீட்டு விளையாட்டில் வருகிற கூட்டத்தின் பெயர். அவ்வளவுதான் விசயம். பக்கத்தைத் திருப்ப விரும்புகிறவர்கள் இப்போதே திருப்பலாம், கோபிக்க மாட்டேன்.

2

முதலாவது தொடக்கம்:

திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் அந்திச் சூரியன்

இல்லை. துறைமுகத்தில் தொடங்கினால் ஒரு கப்பல் வர வேண்டும். இதில் கப்பல் இல்லை.

இரண்டாவது:

வீதியில் மான்கள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்த சத்தத்தில் அவன் விழித்தபோது, பக்கத்தில்

இதுவும் இல்லை. 'பக்கத்தில்' என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

விதிகளோடு தொடங்குகிறேன். விதிகளைப் பார்த்து யாரும் அழுவதில்லை.

முனீப்பின் கடை உட்துறைமுக வீதியில் இருக்கிறது. கீழே வலை, நைலோன் கயிறு, என்ஜின் சாமான். மேலே ஓர் அறை, ஒரு மேசை, சில கதிரைகள். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே விளையாடுவோம். சீட்டுகளை முனீப்பின் மைத்துனர் கட்டாரிலிருந்து கொண்டுவந்தார். ஐந்து பெட்டிகள், ஐந்து கூட்டங்கள்: கடல், கோட்டை, நெருப்பு, எலும்பு, தவளை. கடல்தான் ஆக வலியது. தவளை ஆக மோசம். மற்றவை நடுவில்.

[‘கூட்டம்’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ‘கட்சி’ என்றால் தேர்தல் நினைவு வந்தது. ‘குலம்’ என்றால் கல்யாணத் தரகர் நினைவு வந்தார். ‘இயக்கம்’ என்று நான் வாயெடுத்தபோது முனீப் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.]

ஒரு கூட்டம் ஒருவருக்குத்தான். பருவம் முடியும்வரை மாற முடியாது. போன பருவத்தில் கடைசியாக வந்தவர் அடுத்த பருவத்துக்கு முதலில் தெரிவு செய்வார். இந்தக் கடைசி விதி சுஹைராவுடையது. சுஹைரா முனீப்பின் மனைவி. கணிதம் படிப்பிக்கிறாள். நியாயம் என்றால் அவளுக்கு உயிர்.

அந்த நியாயத்தின் விளைவு: பருவத்தின் கடைசி ஞாயிறில் நாங்கள் எல்லோரும் தோற்பதற்காக விளையாடுவோம். முதல் தெரிவு கிடைத்தால் கடல் கிடைக்கும் அல்லவா?

"எனக்கு அடிங்க சுஹைரா. இந்தா, என்ட நெருப்பெல்லாம் அணைஞ்சி கிடக்கு."

"அடிக்க மாட்டன். நீங்க வெல்லுங்க. ஆம்பிளதானே, வெல்லத் தெரியாதா?"

"ஒரே ஒரு அடி. புருசன் கேக்கன்."

"புருசனுக்கு வீட்டில அடிக்கன். இங்க ஏலாது."

இந்தச் சண்டையில் கலந்துகொள்ளாத ஒரே ஆள் நிருஜா. அவள் வெல்லத்தான் விளையாடுவாள். கடைசியாக வருவாள். முதலில் தெரிவு செய்வாள். ஒவ்வொரு முறையும் தவளையை எடுப்பாள்.

"தங்கச்சி, ஒரு தரம் கடல எடு. ஒரே ஒரு தரம்," என்று முனீப் கும்பிடாத குறையாகக் கேட்பான்.

"கடல் வேண்டாம் முனீப் நானா. நாங்கள் சல்லிக் கிராமத்து ஆக்கள். கடல் எங்கட வீட்டு வாசல்லயே கிடக்கு."

3

நிருஜா என் மனைவி. போன வருடம் டெங்கு. இந்தப் பந்தி இங்கே முடிகிறது.

[முந்திய வரைவில் இது நீண்ட பந்தி. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தபோது அவள்]

கெட்டிக்கார எழுத்தாளன் என்றால் அவளுக்கு எலும்புக் கூட்டத்தைக் கொடுத்திருப்பான். எலும்புச் சீட்டுகள் செத்தாலும் மறுபடி எழும்பி வரும். மனைவியை இழந்தவன், மேசையில் எழும்பி வரும் எலும்புகள். விமர்சகர்களுக்கு வேலை மிச்சம். நானும் ஒரு வரைவில் அப்படியே எழுதினேன். சுஹைராவிடம் வாசிக்கக் கொடுத்தது பிழையாகிவிட்டது.

"பொய் எழுதாதீங்க. எலும்பு என்ட. மூணு வருசமா நான்தான் வெச்சிரிக்கன்."

"கதைதானே."

"கதையில எண்டாலும் என்ட எலும்ப எடுத்து ஆருக்கும் குடுக்க ஏலாது. அவள் தவளைதான். தவளைய எழுதுங்க."

எழுதுகிறேன். தவளைச் சீட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒரு தவளை மேசையிலுள்ள வேறொரு சீட்டோடு இடம் மாற வேண்டும். எதிரியின் சீட்டாகவும் இருக்கலாம். எதிரியின் வரிசைக்குப் பாய்ந்த தவளை எதிரிக்காகச் சண்டை பிடிக்கும். நிருஜாவின் தவளைகள் பெரும்பாலும் எங்களுக்காகத்தான் சண்டை பிடித்தன. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பாயவிடும்போது சீட்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "போயிட்டு வா ராசா, அங்க நல்லாச் சாப்பிடு," என்பாள்.

கடைசியாக வந்துவிட்டு அவள் சிரிக்கும் சிரிப்பு

இதையும் விட்டுவிடுகிறேன். சிரிப்பை எழுத எனக்குத் தெரியாது.

4

இன்னொரு பாத்திரம் வேண்டும். இவனில்தான் எனக்குச் சந்தேகம்.

சிந்துஜன். நிருஜாவின் தம்பி. லிங்கநகரில் இருக்கிறான், வங்கியில் வேலை. இந்தப் பருவம்தான் எங்களோடு சேர்ந்தான். நெருப்பை எடுத்தான். விளையாட்டைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து, கணக்குப் போட்டு விளையாடுவான். கதையில் இவனைக் கெட்டவனாக்கலாமா என்று யோசித்தேன். மீசை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவனுக்கு அவளுடைய மூக்கு.

இந்தப் பருவம் தவளைப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. நான் வழக்கம்போலக் கோட்டை. கோட்டை தாக்காது. சும்மா நிற்கும். எனக்கு வசதி.

போன ஞாயிறு பருவத்தின் கடைசி ஆட்டம். கடைசியாக வரக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். கடைசியாக வந்தால் முதலில் தெரிவு செய்ய வேண்டும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். பிறகு தவளைப் பெட்டியைப் பார்ப்பார்கள். பிறகு திரும்பவும் என்னை. ஆகவே வாழ்க்கையில் முதல் முறையாகக் கோட்டையைவிட்டு இறங்கி அடித்தேன். மற்றவர்கள் தோற்கப் பார்ப்பார்கள், நான் இலேசாக மேலே போய்விடலாம் என்பது கணக்கு.

மற்றவர்களும் அடித்தார்கள்.

"என்ன, இண்டைக்கு எல்லாரும் வெல்லப் பாக்கிறியள்?"

"சீட்டு நல்லா விழுது மச்சான். நான் என்ன செய்ற?" முனீப் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுஹைரா மூன்று எலும்புகளை ஒன்றாக எழுப்பி என் மதிலில் ஏற்றினாள். புருசனும் மனைவியும் முதல்நாளே பேசிவைத்திருக்கிறார்கள். முதல் தெரிவை எனக்குத் தருவதற்காக வென்றார்கள். இரக்கம் இப்படியும் வந்து மனிதனை அடிக்கும். சிந்துஜனுக்கு எங்கள் கடைசி ஞாயிறு வழக்கத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் பாட்டுக்கு வென்றான்.

நான் கடைசி.

முனீப் ஐந்து பெட்டிகளையும் பரப்பினான். அப்போது சிந்துஜன் கேட்டான்: "அத்தான், தவளையை நீங்கள் எடுக்கேல்லையெண்டா நான் எடுக்கட்டே?"

"ஏன்?"

"அது தோக்கிற கூட்டம் இல்ல. அக்கா பிழையா விளையாடினவா. கண்டபாட்டுக்குப் பாயவிடக்கூடாது. எதிரி பெரிய சீட்டு வைக்கும்வரைக்கும் காத்திருந்து அதோட மாத்தவேணும். நான் வடிவாப் பாத்தனான். வெல்லலாம்."

சுஹைரா தன் எலும்புகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"அக்காவுக்காக ஒருக்கா வெண்டு காட்டுறன், அத்தான்," என்றான்.

நான் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

[அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்று வாசகர் கேட்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வருடமாக அப்படித்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம் ‘பரவாயில்லை’ என்கிறேன். பொய் இல்லை.]

5

முடிவுகள். கைவசம் இருப்பவை:

அ) தவளையை நான் எடுக்கிறேன். சுஹைரா என் தட்டில் ஒரு ரோல்ஸ் கூடுதலாக வைக்கிறாள். கடலை எடுத்த முனீப் அதை வற்ற வைத்து எனக்கு வழி விடுகிறான். பருவத்தை நான் வெல்கிறேன். பாவம் பார்த்துக் கொடுத்த வெற்றி. நிருஜா கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஆ) நான் கடலை எடுக்கிறேன். சிந்துஜன் தவளையை எடுத்து வெல்கிறான். அத்தனை ஞாயிறுகளும் அவள் பிழையாகத்தான் விளையாடினாள் என்று எல்லோருக்கும் தெளிவாகிவிடுகிறது. அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அதுதான் பிரச்சினை. பிழை போய்விட்டால் அந்தப் பெட்டியில் அவளுடையது என்று வேறு என்ன இருக்கிறது?

இ) தவளைப் பெட்டியைக் கொண்டுபோய் இறங்குதுறையில் நின்று கடலில் எறிகிறேன். காற்று. பறவை. பின்னணி இசை. இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. சுஹைரா வரைவின் ஓரத்தில் எழுதினாள்: "கடலில் குப்பை போட வேண்டாம். பெட்டி எங்களுடையது."

ஈ) தவளையை எடுத்து, சிந்துஜன் சொன்ன மாதிரியே காத்திருந்து விளையாடி நானே வெல்கிறேன். கடைசித் தவளை எதிரியின் அரசனோடு இடம் மாறுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் நிமிர்ந்து அவள் இருந்த அந்த வெறும் கதிரையை

6

ஞாயிறு வந்துவிட்டது. கதை முடியவில்லை. அப்படியே போனேன்.

கடை வாசலில் சிந்துஜன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்காகத்தான் நின்றிருக்கிறான்.

"அத்தான், அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கோவமே?"

"ஓம்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"சரியான கோவமோ?"

"சரியான கோவம். நீ ஆர் அவளைப் பிழை சொல்ல?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை.

"அப்ப நல்லது. ஒரு வருசமா நீங்கள் ஒண்டுக்கும் கோவிக்கேல்ல. அத்தானுக்கு என்னடா நடந்தது எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டு என்னை அரிக்கிறா." படியில் ஏறினான். பாதியில் திரும்பினான். "ஆனா அக்கா பிழையாத்தான் விளையாடினவா."

மேலே பெட்டிகள் தயாராக இருந்தன.

"சொல்றா மச்சான்," என்றான் முனீப். "இனித் தவணை இல்ல."

சொன்னேன்: "                ."

அச்சுப்பிழை அல்ல. அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். உதவிக்குச் சில தடயங்கள் தரலாம். சொல்லைக் கேட்டதும் முனீப் "அப்பிடிப் போடு!" என்று மேசையில் அடித்தான். சுஹைரா "எனக்குத் தெரியும்," என்றாள். சிந்துஜன் சிரித்தான். இந்தத் தடயங்களால் ஒரு பயனும் இல்லை. நான் எதைச் சொல்லியிருந்தாலும் முனீப் மேசையில் அடித்திருப்பான், சுஹைராவுக்குத் தெரிந்திருக்கும்.

7

இந்தப் பகுதியை மேசைக்குக் கீழே கைப்பேசியில் தட்டுகிறேன்.

மூன்றாவது சுற்றில் ஒரு தவளை பாய்ந்தது. காத்திருந்து பாயவில்லை. கண்டபாட்டுக்குப் பாய்ந்தது. வந்து விழுந்த இடம் மகா பிழை. அடுத்த அடியில் செத்தது.

"ஐயோ!" என்று ஒருவர் கத்தினார். கீழே நைலோன் கயிறு பார்த்துக்கொண்டிருந்தவர் படியடிக்கு வந்து, "மேல என்னவும் விழுந்திட்டா?" என்று கேட்டார்.

கத்தியது நான்.

அது தவளையைப் பறிகொடுத்தவன் கத்தியதா, தவளையைக் கொன்றவன் கத்தியதா? ஆறாம் பகுதியில் நீங்கள் எழுதிய சொல்லைப் பொறுத்தது. இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். கத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மற்ற மூவரும் விளையாட்டை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறார்கள். எனக்கு மூக்கு ஒழுகுகிறது. சுஹைரா துடைக்க ஏதோ நீட்டுகிறாள்.

"எழுதினது காணும்," என்கிறான் முனீப். "உன்ட முறை. சீட்ட எடு."

எடுக்கிறேன்.