அப்பாவின் வைஃபை

அவள் மடிக்கணினியை மறுபடியும் அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடின. பக்கத்துக் கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் தேநீர் கேட்டவர், அது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அமரர் ஊர்தி வருவதற்குள் வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கு அவர் முகத்தைக் காட்டியாக வேண்டும். விமானம் கிடைக்காமல் அவன் அங்கே தவித்துக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டுக்குள் கைபேசி சிக்னல் தலைகாட்டாது. அதனால்தான், அவள் தூக்கிப்போடச் சொன்ன இந்தப் பழைய மடிக்கணினியில் அப்பா லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, கம்பியில் வரும் இணையத்தை வீடு முழுக்க வைஃபையாக வாரி இறைத்தார். ரவுட்டர் வாங்கித் தருகிறேன் என்றால் முறைப்பார். அந்த ஓட்டைப் பெட்டிக்குக் கிடைத்த செல்லம் பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்ததில்லை.

வைஃபையின் பெயர் தெரிந்தது. பாஸ்வேர்டும் சரிதான். ஆனாலும் அவளுடைய கைபேசியை உள்ளே விடவில்லை. அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. உயிரோடு இருந்திருந்தால் ஒரு பாட்டம் திட்டியிருப்பாள்.

கடைசியில், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று கணினியையே கேட்டாள். எட்டுக் கைபேசிகள். அந்தக் கிழட்டு வைஃபை அட்டை தாங்குவதே எட்டுதான். அவளுக்குப் பொறி தட்டியது. கூடத்தில் தையல்காரர், மருந்துக்கடைக்காரர், மாடிவீட்டு டீச்சர், பள்ளி வேன் ஓட்டுநர் என்று தெருவே உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய கைபேசிகள் வாசலை மிதித்ததுமே தாமாக உள்ளே போய் இடம் பிடித்துவிட்டன.

"எல்லாரும் கொஞ்சம் உங்க போன்ல வைஃபையை அணைச்சிடுங்க. அது எட்டு பேருக்கு மேல தாங்காது. அப்பா தெருவுக்கே பாஸ்வேர்டு குடுத்து வச்சிருக்கார்."

தையல்காரர் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் கைபேசியை எடுத்தார். தனக்கு மட்டும்தான் கொடுத்ததாக அப்பா சத்தியம் செய்தார் என்றார். வேன் ஓட்டுநரிடமும் அதே சத்தியம். அழுதுகொண்டிருந்த டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கிட்டயும் அதையேதான் சொன்னார், பாவி மனுஷன்."

கூடமே குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே தம்பியின் முகம் அவளுடைய கைபேசியில் வந்தது. அவள் அதை அப்பாவின் அருகே கொண்டுபோனாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு மெதுவாகக் கேட்டான். "அங்க எதுக்குக்கா எல்லாரும் சிரிக்கிறாங்க?"

"அப்பா மாட்டிக்கிட்டார்டா."

கதையைக் கேட்டதும் அவன் அழுதபடியே சிரித்தான்.

கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இணைப்பு அறுந்துவிடக் கூடாதே என்று உள்ளே போய்க் கணினியைப் பார்த்தாள். இரண்டு கைபேசிகள் மட்டும் இணைந்திருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது யாருடையது என்று கேட்கத் திரும்பியவள், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். அதன் பையிலிருந்த கைபேசியில் ஒரு சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் யாராவது அணைக்கணுமா?" கூடத்திலிருந்து அம்மா கேட்டாள்.

"வேண்டாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."